கீமோ காலத்துக்குப் பாட்டுத் துணை: பட்டியல் போடுவதிலிருந்து கடைசி சைக்கிள் வரை

புற்றுநோய்க்குக் கீமோ (ஊசி வழியாக ஏற்றும் மருந்துச் சிகிச்சை) தொடங்கப்போகும் ஒருவருக்குக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். நோயாளியே படித்துச் செய்துகொள்ளலாம். ஆனால் முதல் இரண்டு சைக்கிளில் (ஒருமுறை மருந்து ஏற்றியதிலிருந்து அடுத்த முறை ஏற்றும்வரை ஒரு சைக்கிள்) பலருக்கு இதற்கெல்லாம் தெம்பு இருக்காது. மகளோ தம்பியோ கணவரோ, யாராவது ஒருவர் இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் செய்து பார்த்த பிறகு, டே கேர் வார்டில் (மருந்து ஏற்றி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் இடம்) பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் பட்டியல் போட உதவியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பாட்டைத் தேடுவதில் தொடங்கிவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் சிகிச்சை நாட்காட்டி. எந்த நாளில் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அன்றைக்கு எந்தப் பாட்டு, எந்த நாளில் பாட்டே வேண்டாம் என்று முடிவுசெய்ய முடியும்.

பாட்டு புற்றுநோயைக் குணப்படுத்தாது. இந்த நோய்க்கு இந்த ராகம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021-ஆம் ஆண்டுத் திறனாய்வு 81 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. புற்றுநோய் உள்ள பெரியவர்களுக்கு இசை பதற்றத்தையும் வலியையும் களைப்பையும் குறைக்க உதவக்கூடும் என்று அது சொன்னது. மாதக்கணக்கில் கீமோ ஏற்றிக்கொள்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

முன்னதாகத் தேவைப்படுபவை

ஒரு நோட்டு, பேனா. நோயாளியின் ஃபைலில் இருக்கும் மருந்துப் பட்டியலின் நகல். பாட்டு இறக்கி வைக்க ஒரு ஃபோன் அல்லது பென் டிரைவ் போடும் சின்ன ஸ்பீக்கர். காதில் செருகும் சாதாரண ஒயர் இயர்ஃபோன் ஒன்று. அவருக்கு மட்டும், வேறு யாரும் போடக்கூடாது. அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச இரண்டு சாயங்காலம். முதல் கீமோவுக்கு முந்தைய வாரத்திலேயே இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். அப்புறம் நேரம் கிடைக்காது.

1. முதலில் நாட்காட்டியை வரையுங்கள்

டாக்டரிடமோ டே கேர் சிஸ்டரிடமோ நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு சைக்கிள்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஏற்றுவார்கள்? கூடவே ஸ்டீராய்டு கொடுப்பார்களா, எந்தெந்த நாள்? ரத்த கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எந்த நாட்களில் இறங்கும்?

பல மருந்துகளுக்கு 21 நாள் ஒரு சைக்கிள். சிலவற்றுக்கு 14 நாள், சிலவற்றுக்கு வாரம் ஒருமுறை. 21 நாள் கணக்கில் போகிறவருக்குப் பொதுவாக இப்படி இருக்கும்: ஏற்றும் நாளும் மறுநாளும் ஸ்டீராய்டின் வேகத்தில் ஓரளவு தெம்பாகவே தெரிவார். அது இறங்கியதும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை களைப்பும் குமட்டலும் உடம்பு வலியும் வந்து சாய்த்துவிடும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு குறைந்து தொற்றுப் பயம். மூன்றாம் வாரம் கொஞ்சம் மனிதராக நடமாடுவார். அப்போது அடுத்த சைக்கிள் வந்து நிற்கும்.

எல்லாருக்கும் இதே மாதிரி இருக்காது. அதனால் முதல் சைக்கிளில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டாவது சைக்கிளிலிருந்து உங்கள் நோட்டுதான் வழிகாட்டி.

2. மருந்தின் பெயரைப் பார்த்துக் கருவியை முடிவுசெய்யுங்கள்

இந்தப் படியைக் கிட்டத்தட்ட யாருமே செய்வதில்லை. கடையில் பார்த்ததும் பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

முடி கொட்டத் தொடங்கும்போது தலையின் தோல் தொட்டாலே எரியும். தலைக்கு மேல் வளையம் போட்டு அழுத்தும் ஹெட்ஃபோனை அந்த நாட்களில் போடவே முடியாது. காதில் லேசாக உட்காரும் இயர்ஃபோன், அல்லது தலையணைக்குப் பக்கத்தில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் போதும்.

சிஸ்பிளாட்டின் கொடுக்கிறார்களென்றால் காதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அந்த மருந்து உள்காதைப் பாதிக்கக்கூடியது. முதலில் மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கும், காதுக்குள் ரீங்காரம் வரும். "புல்லாங்குழல் முன்ன மாதிரி கேக்கல" என்று அவர் சொன்னால் இயர்ஃபோன் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒலியைக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து எதுவானாலும் ஒலி ஃபோனின் உச்ச அளவில் பாதியைச் சற்றே தாண்டினால் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். நாள் முழுக்கப் பாட்டு ஓடும் வீட்டில் அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாக்ளிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் ஆகிய மருந்துகளில் விரல் நுனி மரத்துப்போவது சகஜம். தொடுதிரையைத் தேய்த்துப் பாட்டு மாற்றுவது அவர்களுக்குச் சிரமம், சட்டை பட்டன் போடுவதே சிரமமாக இருக்கும். அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகும் பெரிய பட்டன் வைத்த பிளேயர் அவர்களுக்குத்தான் உண்மையான உதவி. பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றி ரேடியோப் பெட்டி மாதிரி விற்கும் கருவிகளும் இருக்கின்றன. விலையைவிட பட்டனின் அளவைப் பாருங்கள்.

3. பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், கேட்டு எழுதுங்கள்

அன்பினால் நடக்கும் தவறு இங்கேதான் அதிகம். மகன் அமைதியான பாட்டுகளைத் தேடி இருநூறு பாட்டு போட்டுக் கொடுக்கிறார். அம்மாவுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. அல்லது வீடே சேர்ந்து பக்திப் பாட்டாக நிரப்பிவிடுகிறது. பக்தியே மூச்சாக இருக்கிறவருக்கு அது சரி. "சாமி ஏன் எனக்கு இப்படிச் செஞ்சார்" என்று உள்ளுக்குள் கோபமாக இருக்கிறவருக்குச் சுப்ரபாதம் ஆறுதல் தராது. கோபத்தைச் சொல்லும் வழியையும் அடைத்துவிடும்.

அதனால் உட்கார்ந்து கேளுங்கள். "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று நேராகக் கேட்டால் பதில் வராது; யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. இடத்தையும் வயதையும் வைத்துக் கேளுங்கள். "அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டீக்கடை ரேடியோவுல என்ன ஓடும்?" "அப்பா, முதல் வேலைக்குப் போனப்போ பஸ்ல என்ன பாட்டு போடுவாங்க?" "சித்தி, நாத்து நடும்போது நீங்க என்ன பாடுவீங்க?" "கல்யாணத்துல நாதஸ்வரக்காரர் என்ன வாசிச்சார், ஞாபகம் இருக்கா?"

பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுகள் மனதில் ஆழமாகத் தங்கிவிடுகின்றன. அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு அது எழுபதுகளின் பிற்பகுதி, எண்பதுகள். முப்பது வயதுப் பெண்ணுக்குக் காலேஜ் நாட்களின் துள்ளல் பாட்டுகள். குத்துப் பாட்டுதான் அவருக்குத் தெம்பு தருகிறதென்றால் அதுதான் பட்டியலில் முதல் பாட்டு. நோயாளி என்றால் வீணை கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொரு பட்டியலும் இதே நோட்டில் வேண்டும்: போடவே கூடாத பாட்டுகள். இறந்துபோன கணவருக்குப் பிடித்தது, சாவு வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்டது, உடைந்துபோன ஒரு உறவை நினைவூட்டுவது. ஏன் என்று துருவ வேண்டாம். "வேணாம்" என்று சொன்னால் எழுதி, அடியில் கோடு போட்டுவிடுங்கள். ஃபோன் தானாகவே அடுத்தடுத்துப் பாட்டு போடும் வசதியையும் இதனால்தான் அணைத்து வைக்கச் சொல்கிறேன். மூன்றாவது பாட்டாக எது வரும் என்று உங்களுக்குத் தெரியாது.

இந்தப் பேச்சே பாதி மருந்து என்பது என் எண்ணம். அம்மா ஒரு பாட்டைச் சொல்லும்போது கூடவே ஒரு ஊர் வரும், ஒரு தோழி வருவாள். அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எட்டாம் படியில் உதவும்.

4. நான்கு பைகளாகப் பிரியுங்கள்

முப்பது, நாற்பது பாட்டு தாராளம். அதைவிடக் கூடினால் தேடுவதே வேலையாகிவிடும். ஒவ்வொரு பையையும் தனித்தனி ஃபோல்டராகப் போட்டு, பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள்.

நாற்காலிப் பை: கீமோ ஏறும்போது கேட்பது. இதில் அவருடைய பிடித்த பாட்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. காரணத்தை ஆறாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

ராத்திரிப் பை: மெதுவான தாளம், ஏற்ற இறக்கம் குறைவு, வார்த்தை இல்லாதது அல்லது வார்த்தை காதில் பட்டும் படாமலும் போவது. தாலாட்டு, நீலாம்பரி ஆலாபனை, தம்புராவின் சுருதி மட்டும், மழைச் சத்தம்.

அழுகைப் பை: கேட்டால் கண்ணீர் வரும் பாட்டுகள். இதைக் கண்டு வீட்டார் பயப்படுகிறார்கள், ரகசியமாக அழித்தும்விடுகிறார்கள். அழிக்காதீர்கள். மனம் கனத்துக் கிடக்கும்போது நேராக உற்சாகப் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். முதலில் அந்த மனநிலைக்கு ஒத்த பாட்டு, அடுத்து அதைவிடக் கொஞ்சம் இலகுவானது, பிறகு இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாக மேலே வர வேண்டும். இசை வழி சிகிச்சை செய்பவர்கள் கையாளும் முறையும் இதுதான். ஆகவே இந்தப் பையின் கடைசி இரண்டு பாட்டுகளை மட்டும் வெளிச்சமானவையாக வையுங்கள்.

எழுந்திருக்கும் பை: குளிக்கப் போகும்போது, வராந்தாவில் நாலு சுற்று நடக்கும்போது. இங்கேதான் துள்ளல் எல்லாம். தாளம் நடையின் வேகத்துக்கு ஒத்துவர வேண்டும். உடம்பு மெதுவாக நடக்கும் நாளில் வேகமான பாட்டு மூச்சு வாங்க வைக்கும்.

5. இணையத்தை நம்பாமல் இறக்கி வையுங்கள்

பல கீமோ வார்டுகள் கட்டடத்தின் நடுவில் இருக்கும், சிக்னல் வராது. வந்தாலும் பாட்டின் நடுவே காது கிழிய விளம்பரம் வரும். ஊசி ஏறும் நேரத்தில் அது ஒரு தண்டனை. எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி, ஃபோனை விமானப் பயன்முறையில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எல்லாப் பாட்டும் ஒரே ஒலி அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஒலிப்பதிவு மெல்லியதாக இருக்கும், புதியது திடீரென்று அலறும். பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்குத் திரும்பும் பயணம் தனிப் பாடு. பஸ்ஸில் படப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்தச் சொல்லவும் கூச்சம். பஞ்சு அல்லது நுரை வைத்த காதடைப்பானை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

6. கீமோ நாளை மணிக்கணக்கில் பிரியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

கீமோ சிலருக்கு நாள்பட நாள்பட ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிடும். மருந்து ஏறும் முன்பே, ஆஸ்பத்திரி வாசலில் அந்த வாசனை வந்ததுமே குமட்டும். மருந்தோடு சேர்ந்து அனுபவித்தவற்றை உடம்பு ஆபத்து என்று குறித்துக்கொள்கிறது. மணமும் சுவையும் முன்னால் நிற்கும், ஒலியும் சேர்ந்துகொள்ளலாம். கீமோவுக்கு முன்னால் சாப்பிட்ட சாம்பார் சாதத்தைப் பிறகு பார்க்கவே பிடிக்காமல் போனவர்கள் ஏராளம். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவே பழக்கமில்லாத சுவையில் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். வெறுப்பு பெருமளவு மிட்டாயின் மேல் போய் விழுந்தது, சாப்பாடு தப்பித்தது.

பாட்டுக்கும் நான் இதே வழியைத்தான் சொல்வேன். அம்மாவின் உயிரான பாட்டை அந்த நாற்காலியில் வைத்துப் போடாதீர்கள். நாற்காலிக்கென்று, முன்பு கேட்டிராத, பெரிதாக விருப்பும் வெறுப்பும் இல்லாத வாத்திய இசையைத் தனியாக வையுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு அந்த இசையை அவர் வாழ்நாளில் கேட்காமலே போகலாம், நஷ்டமில்லை. பிடித்த பாட்டு வீட்டில் பத்திரமாக இருக்கும்.

இனி நேர வரிசை.

காத்திருக்கும் நேரம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, மருந்து கலந்து வருவதற்குள் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். பதற்றம் உச்சத்தில் இருப்பது இங்கேதான். நாற்காலிப் பையை இங்கேயே தொடங்கிவிடலாம். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். பெயர் கூப்பிடுவது மற்றக் காதில் கேட்க வேண்டும்.

ஊசி குத்தும் நேரம். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்துவார்கள். இந்த ஒரு நிமிடத்துக்கு இசையைவிட எண்ணுவது உதவுகிறது. தாளத்தைத் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள், குத்தாத கையால்.

மருந்து ஏறத் தொடங்கும் முதல் கால் மணி நேரம். இப்போது இயர்ஃபோன் வேண்டாம், இரண்டு காதும் திறந்திருக்கட்டும். பாக்ளிடாக்செல் போன்ற மருந்துகளில் ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே வரும். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், முகம் சிவப்பது, அரிப்பு என்று எது தெரிந்தாலும் அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். பாட்டில் கண் மூடிக் கிடந்தால் அவரும் சொல்லத் தவறுவார், நீங்களும் தூங்குகிறார் என்று நினைப்பீர்கள்.

அதன் பிறகு நிம்மதியாகக் கேட்கலாம். ஒவ்வாமைக்கு முன்கூட்டியே கொடுத்த ஊசியால் பலர் தூங்கிவிடுவார்கள், பாட்டை நிறுத்திவிடுங்கள். வெளிச்சத்தத்தை முழுக்க அடைக்கும் இயர்ஃபோனை இங்கே பயன்படுத்தாதீர்கள்; மருந்து ஏற்றும் பம்ப் அடிக்கும் மணி கேட்க வேண்டும். இயர்ஃபோன் ஒயரையும் ட்ரிப்ஸ் குழாயையும் எதிரெதிர்ப் பக்கத்தில் விடுங்கள். பாத்ரூமுக்கு எழும்போது இரண்டும் சிக்கி ஊசி பிடுங்கிக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் நோயாளிதான், ஆகவே வார்டில் ஸ்பீக்கர் கூடாது.

7. தூங்காத இரவும் பேசாத நாட்களும்

ஸ்டீராய்டு போட்ட அன்று இரவு கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். மனம் நூறு பக்கம் ஓடும். அது மருந்தின் வேலை என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். மாத்திரையாகவும் ஸ்டீராய்டு தொடர்கிறதென்றால் காலையில் எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரிப் பையை ஒலி குறைத்து, அரை மணியில் தானாக நிற்கும்படி வையுங்கள். தூங்க வைப்பதே குறி என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். படுத்தபடி உடம்பு ஓய்வெடுத்தாலே போதும்.

மூன்றாம் நாளிலிருந்து வரும் மோசமான நாட்களில் பாட்டை நிறுத்தி வையுங்கள். சத்தம் பட்டாலே குமட்டுகிறவர்கள் உண்டு. மிக்சி, டிவி, பாத்திரச் சத்தம் எல்லாமே தலையில் அடிக்கும். இந்த நாட்களில் வீட்டை அமைதியாக வைத்திருப்பதுதான் நீங்கள் தரும் இசை. "பாட்டு போடட்டுமா?" என்று மணிக்கொரு தரம் கேட்பதும் தொந்தரவே. ரிமோட்டையோ பிளேயரையோ அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். உடம்பில் எதுவும் தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவருக்கு, எப்போது பாட்டு, எப்போது அமைதி என்பதாவது தன் கையில் இருக்கட்டும்.

8. நம்பிக்கையைத் திணிக்காமல் வளர்ப்பது

வருகிறவர்கள் எல்லாரும் "தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவர் அழக்கூட முடியாமல் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. நோய் கூடினால் "நான் தைரியமா இல்லாததால்தான்" என்று தன்னையே நொந்துகொள்கிறார். தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மனநிலைக்கும் உயிர் பிழைத்திருக்கும் காலத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இதை நான் ஆறுதலான செய்தியாகவே சொல்கிறேன். அழுதால் நோய் கூடிவிடாது. யாரும் சிரித்தே ஆக வேண்டியதில்லை.

அப்படியானால் நம்பிக்கை எதற்கு? இன்றைய பொழுதைத் தாண்டுவதற்கு. அதற்கு ஓர் எளிய முறை இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில், அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றே ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். முடிந்ததும் நாளைக்கு நடக்கக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை அவர் சொல்லட்டும். "நாளைக்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்காரணும்." "பேத்தி கிட்ட வீடியோ கால்ல பேசணும்." "ரசம் கொஞ்சம் உறைப்பா வேணும்." அதை நோட்டில் எழுதி, எப்படிச் செய்வது, அன்றைக்கு முடியாவிட்டால் மாற்று என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போகும் இடமும் வழியும் தெரிந்தால்தான் நம்பிக்கைக்குக் கால் முளைக்கும்.

மூன்றாம் படியில் ஓரத்தில் குறித்த பெயர்களையும் ஊர்களையும் இங்கே எடுங்கள். அந்தத் தோழியை ஃபோனில் பிடித்துக் கொடுக்க முடிந்தால், அதுவே ஒரு நாளின் காரியம்.

சொல்ல எதுவும் இல்லாத நாளும் வரும். "இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றால் அதையே எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்.

9. கேட்பதிலிருந்து பாடுவதற்கு

மூன்றாம் வாரம், உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும்போது தொடங்குங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை நடந்திருந்தாலோ, கழுத்தில் ரேடியேஷன் போய்க்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் கேட்காமல் கூடாது.

வாயை மூடி "ம்ம்" என்று முனகுவதே முதல் பாடம். வாய்ப்புண் இருக்கும்போதும் பலருக்கு இது முடியும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் மூச்சிழுத்து, சுருதிப் பெட்டியோடு ஒரே சுரத்தில் முடிந்தவரை மெதுவாக விட வேண்டும். இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருந்தால் படபடப்பு அடங்கும். நாலைந்து தடவை போதும். தலை சுற்றினால் நிறுத்துங்கள். சுருதி சேருகிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் தெரிந்த பாட்டின் பல்லவி மட்டும். கீமோவில் நினைவு மங்குவது உண்டு, சரணம் மறந்துபோகும். வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்தால் அந்தத் தயக்கம் வராது. கவுண்ட் குறைந்திருக்கும் நாட்களில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பஜனை வைக்காதீர்கள். ஃபோனில் சேர்ந்து பாடலாம். ஊதும் வாத்தியம் வாசிக்கிறவரானால் அவர் கருவியை வேறு யாரும் வாயில் வைக்கக்கூடாது. இயர்ஃபோனைத் தினமும் சானிடைசர் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டுக் கொடுங்கள்.

10. பாட்டை நிறுத்திவிட்டு ஃபோனை எடுக்க வேண்டிய நேரங்கள்

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு உடனே சொல்ல வேண்டும். கீமோவில் இருப்பவருக்கு அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. நிற்காத வாந்தி, மூச்சுத் திணறல், ரத்தக் கசிவு, குழப்பமான பேச்சு ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

வலி தாங்க முடியவில்லை என்றால் பாட்டால் சமாளிக்கச் சொல்லாதீர்கள். பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு என்று கேட்டு எழுதி, வலி மருந்தைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். வலி மருந்துக்குப் பதிலாக இசையைக் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பதறுகிறது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

பிடித்த பாட்டும் பிடிக்கவில்லை, பேச்சு இல்லை, எதிலும் ஈடுபாடு இல்லை என்று இரண்டு வாரம் போல நீடித்தால் அது களைப்பு மட்டும் இல்லாமல் மனச்சோர்வாகவும் இருக்கலாம். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, இருபத்துநாலு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வாழவே வேண்டாம் என்கிற பேச்சு வந்தால் அன்றைக்கே அழையுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். பார்த்துக்கொள்கிற நீங்கள் உடைந்துபோனாலும் இதே எண்தான்.

11. ஒவ்வொரு சைக்கிளுக்கும் பட்டியலைத் திருத்துங்கள்

முதல் பட்டியல் கடைசிவரை சரியாக இருக்காது. அடுத்த கீமோவுக்கு இரண்டு நாள் முன்னால் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். எந்தப் பாட்டை நடுவிலேயே மாற்றினார்? எது தொடர்ந்து ஓடியது? நாற்காலிப் பையில் இருக்கும் இசை கேட்டாலே குமட்டுகிறது என்றால் முழுவதையும் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அந்தப் பை இருப்பதே அதற்காகத்தான்.

கீமோ முடிந்து ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள் பலருக்குக் கீமோவைவிடக் கடினம். அதற்காகப் பழைய பைகளிலிருந்தே பத்துப் பாட்டு எடுத்து ஒரு சின்னப் பட்டியல் தயாராக வைத்திருங்கள். முடிவு வாங்கப் போகும் அன்று காலையில் எதைப் போடுவது என்று முந்தின இரவே அவரிடம் கேட்டு வையுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.